பேக்கப் எந்த நாளில் நின்றது?

போன செவ்வாய்க்கிழமை கிள்ளானிலிருந்து டாக்டர் கூப்பிட்டார். அவருடைய கிளினிக்கின் கம்ப்யூட்டர் வேலைகளை நான்தான் பார்க்கிறேன்.

"பாஸ், சர்வர்ல கடகடன்னு சத்தம் வருது. நம்ம பேக்கப் இருக்குல்ல?"

இருக்கிறது என்றேன். சொல்லிவிட்டுத்தான் பார்த்தேன் — இல்லை!

பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் என் வீட்டிலிருந்தபடியே அந்தப் பழைய யுனிக்ஸ் சர்வருக்குள் நுழைந்து, நடப்பதையெல்லாம் அது குறித்துவைக்கும் லாகைத் திறந்தேன். மூன்று வாரமாகத் தினமும் ஒரே வரி: பேக்கப் தோல்வி. சர்வர் தன் கடமைக்கு எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது, படிக்கத்தான் ஆள் இல்லை. உள்ளே இருக்கும் டிஸ்க் செத்தால் பதினோரு வருட நோயாளிகளின் மருந்து, அலர்ஜி விவரமெல்லாம் போச்சு.

ஆனாலும் ஒரு குறுகுறுப்பு... அதுவரை ஒழுங்காக நடந்தது, குறிப்பாக அந்த ஒரு நாளில் ஏன் நின்றது? இடம் நிறைந்துவிட்டதா? இல்லை. பர்மிஷன்? சரியாக இருந்தது. ஸ்கிரிப்ட்டை யாராவது மாற்றினார்களா? பாஸ்வேர்ட் எனக்கு மட்டும்தான் தெரியும். பேக்கப் போய்ச் சேரவேண்டிய வெளி டிஸ்க்தான் சர்வரின் கண்ணில் படவில்லை. காரை எடுத்துக்கொண்டு கிள்ளானுக்கு ஓடினேன்.

கேபிள் இருந்தது. அதன் முனையில் டிஸ்க் இல்லை!

"அந்தக் கறுப்பு டப்பாவா தம்பி? சாமி மேடையில இருக்கு லா," என்றார் கவுன்டரில் இருக்கும் பரமேஸ் அக்கா. "ஆயுத பூஜைக்கு வெச்சேன். கிளினிக்லயே அதான் ரொம்ப முக்கியம்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அப்புறம் திருப்பி மாட்டலையா?"

"மாட்டி ஏதாச்சும் கெட்டுப்போச்சுன்னா? நீங்களே வந்து மாட்டட்டும்னு விட்டுட்டேன்."

குங்குமத்தைத் துடைத்து மாட்டினேன். பேக்கப்பை ஓடவிட்டேன். சர்வருக்குள் பழைய டிஸ்க் முனகிக்கொண்டே இருந்தது. நாற்பது நிமிடம் நானும் டாக்டரும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முழுவதும் ஏறிவிட்டது! இரண்டு பேருடைய ரெக்கார்டைத் திரும்ப எடுத்தும் பார்த்தேன், சரியாக இருந்தது. டாக்டர் நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ வாங்கிவரச் சொன்னார்.

போன உயிர் திரும்பி வந்ததும் எனக்கு வாய்க்கொழுப்பும் வந்துவிட்டது.

"மாட்டல, சரி. எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாக்கா?"

அக்கா தன் போனை நீட்டினார். வாட்ஸ்அப்பில் பூஜைப் படம். பூமாலைக்கு நடுவே சந்தனப் பொட்டோடு டிஸ்க். கீழே, 'தம்பி, பூஜை முடிஞ்சது. எப்ப வந்து இதை மாட்டுவீங்க?'

பண்டிகை நாளில் வந்து குவியும் படங்களுக்கு அடியில் எழுதியிருப்பதை யார் படிக்கிறார்கள்? வாழ்த்து என்று நினைத்து, நான் பெரிய கும்பிடாக ஒன்று போட்டு அனுப்பியிருந்தேன்.