சுண்ணாம்பு மயிலும் கூப்பு மரங்களும்

"ஏனுங்க கார்டு, கூப்பு எடுத்தது நானா, ஊர்ப் பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களா?"

காண்டிராக்டர் இப்படிக் கத்தியபோது, நான் பாரஸ்ட் கார்டு வேலையில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கொல்லிமலை அடிவாரத்து ரிசர்வ் காட்டில், அந்த வருஷம் வெட்டுவதற்கு விட்ட பகுதிதான் கூப்பு. அதில் வெட்டாமல் விடவேண்டிய மரங்களுக்குச் சுண்ணாம்பு வளையம் போடுவது என் வேலை.

முந்தின நாள் ஊர்ப் பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர் பிள்ளைகளைக் காட்டுக்கு அழைத்து வந்திருந்தார். சிலேட்டில் வரைந்து சலித்தவர்கள் மீதிச் சுண்ணாம்பைக் கேட்டார்கள். கொடுத்தேன். செம்மண்ணையும் தழைச்சாற்றையும் சேர்த்துக்கொண்டு மரத்துக்கு மரம் அணில், ஆந்தை, மயில் என்று வரைந்து தள்ளிவிட்டார்கள்.

காலையில் வந்த மரவெட்டிகள் கோடாலியைக் கீழே வைத்துவிட்டார்கள்.

"சுண்ணாம்பு பட்ட மரத்தத் தொட மாட்டோமுங்க."

விஷயம் ரேஞ்சருக்குப் போயிற்று. வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவர் வந்து, மாஸ்டரையும் பிள்ளைகளையும் வரவழைத்தார். ஆந்தை வரைந்திருந்த இலுப்பை மரத்தைக் காட்டி, "இது யார் வேலை?" என்றார்.

பாவாயி என்ற சிறுமி முன்னால் வந்தாள். "நானுங்க. அந்தப் பொந்துல ஆந்தை குடியிருக்குதுங்க."

ரேஞ்சர் கைத்தடியால் மரத்தைத் தட்டினார். பொந்திலிருந்து ஒரு வட்ட முகம் எட்டிப் பார்த்து அவரையே முறைத்தது. ரேஞ்சர் சிரித்துவிட்டார்.

"சரி, அந்த உசிலையில மயில் குடியிருக்கா?"

செங்கோடன் என்ற பையன் தலையைச் சொறிந்தான். "இல்லீங்க. அது சும்மா அழகுக்குங்க."

"குடியிருக்கிற மரத்துக்கெல்லாம் வளையம் போடு. அழகுக்கு வரைஞ்சதை அழிச்சிடு" என்று ரேஞ்சர் என்னிடம் சொன்னார்.

ஈரச் சாக்கோடு உசிலை மரத்துக்குப் போனேன். அங்கே மரவெட்டிகள் மயிலைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள். செங்கோடன் கண் கலங்கி நின்றான். காண்டிராக்டர் மயிலைப் பார்த்தார், பையனைப் பார்த்தார்.

"உடுங்க கார்டு. முருகன் வாகனத்துல கோடாலி வெச்சுப்போட்டு நான் எப்படிங்க ஊடு போய்ச் சேருறது? இந்த ஒரு மரம் நிக்கட்டும்."

ரேஞ்சர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். மயிலுக்கும் ஒரு வளையம் போட்டேன்.

இளம் கார்டுகளுக்கு நான் சொல்வது இதுதான்: அடிமரத்தின் சுற்றளவை அளந்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள், அண்ணாந்தும் பாருங்கள். கழுத்து வலிக்கும். எனக்கு ரிட்டயர் ஆகிற வரை வலித்தது.