முலுண்டுக்குப் போன சேட்டு

அனிஷாவுக்கு மீன் மேல் பொறாமை என்று நான் முதலில் சொன்னபோது வரிசையாக அறைகள் ஒட்டிக் கட்டிய எங்கள் சாலில் ஒருவரும் நம்பவில்லை. நாத்தனார் மேல் படலாம், பக்கத்து வீட்டுக்காரி மேல் படலாம், வாயில்லாத ஜீவன் மேல் எவளாவது படுவாளா என்று என்னையே கேலி செய்தார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? அவள் அறைக்கும் என் அறைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அங்கே மிளகாய் வறுத்தால் இங்கே நான் தும்முவேன்.

அவள் புருஷன் ஜாபெஸ் ஏசி மெக்கானிக். செம்பூரில் பிறந்து வளர்ந்தவன். கல்யாணமான மறு வருஷம் குர்லாவிலிருந்து இரண்டடி கண்ணாடித் தொட்டி ஒன்றையும் பிளாஸ்டிக் பையில் நாலு ஆஸ்கர் மீன்களையும் வாங்கி வந்தான். ஒவ்வொன்றும் கட்டை விரல் அளவுதான் இருந்தது. நாலும் சேர்ந்து தொட்டியின் ஒரு மூலைக்குக்கூடக் காணாது. “இன்னும் ரெண்டு வாங்கிருக்கலாம், வெறிச்சுன்னு கெடக்கு” என்று அவன் வருத்தப்பட்டது எனக்கே கேட்டது.

ஒரு வருஷத்துக்குள் அந்த வருத்தத்துக்கு வழியில்லாமல் போனது. நாலும் உள்ளங்கையைத் தாண்டி வளர்ந்தன. எல்லாவற்றிலும் பெரியதற்குச் சேட்டு என்று பெயர் வைத்தான். கல்லாவில் உட்கார்ந்த மாதிரி நட்டநடுவில் நின்றுகொண்டு மற்ற மூன்றையும் ஓரத்துக்குத் தள்ளிவிடும். ஜாபெஸ் வேலை முடிந்து வந்தால் செருப்பைக்கூடக் கழற்றாமல் தொட்டிக்கு முன்னால் போய் நிற்பான். “என்னல சேட்டு, சாப்ட்டியா?” என்பான். அது கண்ணாடியில் மூக்கை முட்டி வாலை ஆட்டும். அடுப்படியில் நிற்கிற பெண்டாட்டி சாப்பிட்டாளா என்று கேட்க அவனுக்கு வாய் வராது.

அனிஷாவுக்கு வேண்டியதெல்லாம் அது ஒன்றுதான். கதவைத் திறந்ததும் அவன் முகம் முதலில் அவள் பக்கம் திரும்ப வேண்டும். நகை நட்டு அவள் கேட்கவில்லை. எனக்கு வாய்த்தவர் வீட்டுக்கு வந்தால் சுவரோடுகூடப் பேச மாட்டார். மீனோடாவது பேசுகிற புருஷன் கிடைத்திருக்கிறானே என்று எனக்கு அவள் மேல் பொறாமை. அது தனிக் கதை.

தண்ணீர் இன்னொரு எரிச்சல். விடிவதற்கு முன் வருகிற குழாய்த் தண்ணீரைப் பிடித்து, மருந்து வாடை போக ஒரு நாள் திறந்து வைத்தால்தான் தொட்டிக்கு ஊற்ற முடியும். மீன் வளர வளர அழுக்கும் வளர்ந்தது, தண்ணீர் மாற்றுவதும் கூடியது. வீட்டில் இருந்த இரண்டு டிரம்மில் ஒன்று மீன்களுக்கென்றே ஆகிவிட்டது. பிடிப்பவள் அனிஷா. “எனக்குத் தலைக்கு ஊத்த ஒரு வாளி மிஞ்ச மாட்டேங்கு. அதுவளுக்கு ஒரு டிரம்மு!” என்று குடத்தைத் தரையில் வைப்பாள். வைப்பது என்றா சொன்னேன்? போடுவாள்.

மே மாதத்தில் தொட்டித் தண்ணீர் டீ நிறத்துக்கு வந்தது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. இருப்பதிலேயே சின்னதின் துடுப்பைச் சேட்டு கிழித்து வைத்திருந்தது. இடம் பத்தவில்லை என்று யார் கண்ணுக்கும் தெரிந்தது, ஜாபெஸ் கண்ணைத் தவிர. “சும்மா காலிபீலி டென்ஷன் எடுக்காத. பெரிய ஃபில்டர் போட்டா சரியாயிரும்” என்றான். போட்டான். ஒரு வாரத்தில் ஒரு மீன் வயிறு மேலாக மிதந்தது.

அன்றைக்கு அவன் வேலைக்கும் போகவில்லை, சாப்பிடவும் இல்லை. அனிஷா என்னிடம் வந்து புலம்பினாள். “எனக்கு டைபாய்டு வந்து கெடந்தப்ப இவிய வாசல்ல நின்னு வடாபாவ் தின்னாவ அக்கா. ஒரு மீனு செத்ததுக்குப் பட்டினி!” கண்ணில் நீர் இல்லை, நெருப்புதான் இருந்தது.

அந்த நெருப்பு அவளைப் படிக்க வைத்தது. போனில் மீன் வளர்க்கிற வீடியோ ஒன்று விடாமல் பார்த்தாள். ஆஸ்கர் முக்கால் முழம் வரை வளரும், இரண்டடித் தொட்டியில் அது திரும்பக்கூட முடியாது, வாங்கும்போது இருக்கிற அளவைப் பார்த்து வாங்கக் கூடாது, வளர்ந்தால் வருகிற அளவைப் பார்க்க வேண்டும் என்று புருஷனுக்குப் பாடம் எடுத்தாள். சொன்னதெல்லாம் சத்தியமான உண்மை. எதற்காகச் சொன்னாள் என்பது எனக்கும் அவளுக்கும்தான் தெரியும்.

ஜாபெஸின் அக்கா ஷைனிக்கு முலுண்டில் பெரிய பிளாட். ஹாலுக்கு அழகு என்று ஐந்தடித் தொட்டி வாங்கி வைத்திருந்தாள். அனிஷாவே போன் போட்டாள். “மைனி, ரெண்டு ஆஸ்கர் இருக்கு, பெருசு. உங்க தொட்டிக்கு எடுப்பா இருக்கும்.” ஜாபெஸ் சேட்டை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று கெஞ்சிப் பார்த்தான். “பெருசைத்தான் பெரிய எடத்துல விடணும். இங்க வச்சிக் கொல்லப் போறியளா?” என்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை மூடி போட்ட இரண்டு வாளிகளை ஆட்டோவில் காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டு முலுண்டு போனான். துடுப்புக் கிழிந்த சின்னது மட்டும் இங்கே தங்கியது. அவன் அதைத் திரும்பியும் பார்த்ததில்லை, அதனால் அவளுக்கு அதனிடம் பகை இல்லை.

மறுநாள் சாயங்காலம் கதவைத் திறந்தவன் நேராக அடுப்படிக்கு வந்தான். “சாப்ட்டியா?” என்றான். அனிஷா எனக்கு ஒரு கிண்ணம் பாயசம் கொண்டுவந்து தந்தாள். கிறிஸ்மஸுக்குக்கூட எனக்கு அவள் பாயசம் தந்ததில்லை.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. ஷைனி வாட்ஸப்பில் வீடியோ அனுப்பினாள். ஐந்தடித் தண்ணீரில் சேட்டு வீசி நீந்தி வந்து, ஷைனியின் வளையல் போட்ட கையிலிருந்து இறால் துண்டைக் கவ்வியது. ஜாபெஸ் சோற்றில் கையை வைத்தபடியே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தான்.

“எங்கிட்ட மட்டுந்தான் கையில வாங்கும். அக்காட்டயும் வாங்குது பாரு” என்றான்.

அனிஷா கரண்டியைச் சட்டியில் போட்டாள். “உங்ககிட்ட மட்டுமா? தெனம் மத்தியானம் அதுக்கு இறால உரிச்சிக் கையில குடுத்தது யாரு? நாந்தான! மொதல்ல எங்கையிலதான் தின்னுச்சு!”

சுவருக்கு இந்தப் பக்கம் நான் வாயைப் பிளந்து நின்றேன். அந்தப் பக்கமிருந்து ஜாபெஸின் குரல் வந்தது, கையில் இருந்ததைப் பிடுங்கிவிட்ட பிள்ளையின் குரல். “நீயுங் குடுத்தியா? எங்கிட்ட ஒருநாளும் சொல்லலியே.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் சேர்ந்தே முலுண்டுக்குப் போனார்கள். மீதியை அனிஷா சொல்லித்தான் எனக்குத் தெரியும். தொட்டிக்கு முன்னால் புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு இறாலோடு நின்றிருக்கிறார்கள். சேட்டு இருவரையும் பார்த்தது, பார்த்துவிட்டு ஷைனியின் கைக்குப் போனது. “பாத்தியளா, எங்கிட்ட ஒட்டிக்கிட்டு” என்று ஷைனி சிரித்திருக்கிறாள்.

திரும்பும்போது ஆட்டோவில் விக்ரோலி தாண்டியதும் ஜாபெஸ்தான் தொடங்கியிருக்கிறான். “தண்ணி மாத்துறது வேலைக்காரி. அக்கா சும்மா கைய நீட்டுறா.” அனிஷா விடுவாளா? “வளையல் காட்டத்தான வீடியோ!” என்றிருக்கிறாள். செம்பூர் வந்தும் பேச்சு ஓயவில்லை. அறைக்குள் வந்தும் ஓயவில்லை. ஜாபெஸ் தொட்டிப் பக்கமே போகாமல் அடுப்படி நிலையில் சாய்ந்து நின்று அக்காவைக் காய்ச்சி எடுத்தான். அத்தனை நேரமும் அவள் முகத்தைப் பார்த்தே பேசினான்.

நடுவில் சின்னது கண்ணாடியில் முட்டியது. அனிஷா போய்ச் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்து ஒரு துண்டு இறாலை நீட்டினாள். அது வாங்கிக்கொண்டது.

“இதுவும் வளந்துரும். அப்ப இதையும் அக்காட்டதான் குடுக்கணும்” என்றான் ஜாபெஸ்.

“பீரோவத் தள்ளிப் போட்டா நாலடித் தொட்டி வைக்கலாம்” என்றாள் அனிஷா. “நான் அளந்துட்டேன்.”