சிஸ்டிகோலாவுக்கு ராகுகாலம்

பறவை பார்க்க ஆப்பிரிக்காவுக்கு ஆள் கூட்டிப்போகும் தொழிலில் பறவை கிடைத்துவிடும், ஆள்தான் கிடைக்காது. டூர் நடத்தி நொந்தவர்களுக்கு இது தெரியும். நியூஜெர்சியிலிருந்து நான் கூட்டிப்போன முதல் குழு, உகாண்டாவில் சிஸ்டிகோலா என்ற குருவியைப் பார்க்காமல் திரும்பினால் எங்கள் மான்மவுத் ஜங்ஷன் தமிழர் வாட்ஸ்அப் குரூப்பில் என் பெயர் நாறிவிடும். அப்புறம் கடையைக் கட்டவேண்டியதுதான்.

சிங்கம் எங்கே?

சிஸ்டிகோலா நம்மூர் கதிர்க்குருவிக்குச் சொந்தம். தவிட்டு நிறம், கைக்குள் அடங்கும். புல்லுக்குள் ஒளிந்து பூச்சி பிடிக்கும். கிளம்பும் முன், குழுவில் சேர்ந்திருந்த ராமநாதன் அங்கிளின் நியூஜெர்சி பார்சிப்பனி வீட்டில் அதன் படத்தைக் காட்டினேன். அவர் மனைவி கீதா ஆன்ட்டி பெரிதுபண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"சிங்கம்னு நினைச்சு லீவ் போட்டுட்டேன் தம்பி. இது எங்க வீட்டுப் பின்பக்க டெக்லயே வருமே."

ஒரே முகம்

சிஸ்டிகோலாவில் பல வகை. குரலை வைத்துத்தான் பிரிக்கமுடியும். கலிபோர்னியா லிவர்மோரிலிருந்து வந்து சேர்ந்துகொண்ட வித்யாவுக்கு சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. பறவைப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினாள்.

"ஒரே போட்டோவ பத்து பேர்ல போட்டிருக்காங்க. யாருமே டெஸ்ட் பண்ணலையா?"

திங்கட்கிழமை

உகாண்டாவில் ஞாயிறன்று சதுப்பில் படகில் போனபோது நாணலுக்குள் குரல் மட்டும் கேட்டது. திங்கள்தான் கடைசி நாள். வெயில் ஏறினால் பறவை அடங்கிவிடும். காலை ஏழரைக்குப் படகு வந்தது. அங்கிள் போனைப் பார்த்துவிட்டு, ஒன்பது வரை ராகுகாலம், ஏறமாட்டேன் என்றார். கெஞ்சிப் பார்த்தேன். அசையவில்லை. எனக்கு அழுகையே வந்தது.

எட்டரை மணிக்கு வித்யா அந்தப் போனை வாங்கிப் பார்த்தாள். பஞ்சாங்க ஆப் இன்னும் பார்சிப்பனியிலேயே இருந்தது. அவளைக் கும்பிடலாம் போலிருந்தது. ஊரை மாற்றியதும்தான் தெரிந்தது, உகாண்டாவில் ராகுகாலம் எட்டேகாலுக்கு ஆரம்பம், ஒன்பதே முக்கால் வரை. நல்ல நேரம் முழுவதையும் கரையிலேயே கழித்திருந்தோம்.

கீதா ஆன்ட்டி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படகில் ஏறினார். "ராகுகாலத்துல புதுசா எதுவும் ஆரம்பிக்கக் கூடாது. இது நேத்தே ஆரம்பிச்சது. ஏறுங்க."

அங்கிளும் ஏறினார். முதல் திருப்பத்திலேயே நாணல் நுனியில், வாயில் பூச்சியோடு, சிஸ்டிகோலா. எல்லாரும் நன்றாகப் பார்த்தோம். எனக்கு உயிர் வந்தது. குரூப்பில் படத்தைப் போடச்சொல்லி அங்கிளிடம் கிசுகிசுத்தேன். அவர் மணியைப் பார்த்தார்.

"ஒன்பதே முக்காலுக்கு மேல போடறேன்."

அடுத்த பயணத்துக்கும் ஆள் சேர்ந்துவிட்டது. இப்போதெல்லாம் படகுக்காரரிடம் நேரம் கேட்பதற்கு முன் பஞ்சாங்கத்திடம் கேட்டுவிடுகிறேன்.