முதலில் போனை வைத்தவள்

எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. அழைத்தவர் வைக்கும்வரை நாம் போனை வைக்கக் கூடாது. ஆம்புலன்ஸ் வாசலில் வந்து நின்றாலும் சரி, அந்தப் பக்கம் "வெச்சிடறேன்" என்று சொல்லி வைத்த பிறகுதான் நம் கை பொத்தானுக்குப் போக வேண்டும். அவசர உதவி மையத்தில் பதினோரு வருஷமாக என் பக்கத்து நாற்காலியில் இருப்பவள் அந்த விதியை ஒரே ஒரு நாள் மீறினாள். அதற்காக அவளை விட்டுக்கொடுக்க நான் ஆளில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் நிதானம். வீடு பற்றி எரிகிறது என்று ஒருவர் அலறினாலும், "சரிங்க, எந்தத் தெரு, பக்கத்துல என்ன கடை?" என்று கேட்கிற குரல் அது. வீட்டிலும் இதே கதைதான். தூக்கத்தில் புரண்டு படுத்து, "எங்க இருக்கீங்க? ஏதாவது அடையாளம் சொல்லுங்க" என்பாளாம். லாரி மெக்கானிக்கான அவள் வீட்டுக்காரர், "உன் பக்கத்துலதாண்டி இருக்கேன்" என்று பதில் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுப்பாராம்.

மாதா மாதம் ஒருவர் பேசிய அழைப்பின் பதிவை இன்னொருவர் கேட்டு மார்க் போட வேண்டும். பத்துக் கேள்வி, கேள்விக்குப் பத்து மார்க். அறுபதுக்குக் கீழே போனால் போனிலிருந்து எடுத்துவிடுவார்கள். மார்க் போடுவதில் நிதானம் மகா கஞ்சம். அவளிடம் எழுபது வாங்கியவர்கள் அதை ஒரு மாதம் சொல்லிக்கொண்டு திரிவார்கள். எனக்கு ஒரு முறை அறுபத்தொன்று போட்டாள்; நான் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

அந்த நாள் காலையில் ஓர் இளம்பெண் அழைத்தாள். குளித்துவிட்டு வந்த அப்பா கூடத்தில் சரிந்துவிட்டார், மூச்சு இல்லை. இரண்டு கையையும் நெஞ்சின் நடுவில் வைத்து அமுக்கச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு அமுக்கலுக்கும் ஒன்று, இரண்டு என்று நிதானம் எண்ணத் தொடங்கினாள். ரயில்வே கேட் மூடியிருந்ததால் ஆம்புலன்ஸ் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. அப்பா பிழைக்கவில்லை. நடுவில் நிதானம் போனை வைத்துவிட்டாள். நான் அந்த நேரம் ஒரு பிரசவத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன், என் காதில் எதுவும் விழவில்லை.

அதற்குப் பிறகு கனவு வந்தது. காலை டியூட்டி முடித்து மத்தியானம் கண்ணயர்ந்தால் போதும், அதே நாற்காலி, அதே குரல். கனவில் அவளுடைய கையே அவள் பேச்சைக் கேட்காமல் எழும்பி, ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைக்கும். "வைக்காதே, வைக்காதே" என்று கத்திக்கொண்டே எழுந்திருப்பாள். நாளடைவில் வேலையிலும் பொத்தானுக்குப் பக்கத்தில் விரல் நடுங்க ஆரம்பித்தது.

அலுவலகம் என்ன செய்தது தெரியுமா? மன அழுத்த வகுப்பு என்று ஒன்றை வைத்து எங்கள் எல்லோரையும் பலூன் ஊதச் சொன்னது. கவலையை உள்ளே ஊதிப் பறக்கவிட வேண்டுமாம். நான் ஊதிய பலூன் படாரென்று வெடித்ததில் மேலாளர் குடித்துக்கொண்டிருந்த தண்ணீரைச் சட்டையில் ஊற்றிக்கொண்டார். அந்த வகுப்பில் கிடைத்த ஒரே ஆறுதல் அதுதான்.

ஆனால் வாரம் ஒரு நாள் வந்த மனநல ஆலோசகர் அம்மாள் உருப்படியானவர். அவர் அறையில் நடந்ததை நிதானம் பஸ்ஸில் ஒன்றுவிடாமல் எனக்குச் சொல்வாள். கனவை ஒரு நோட்டில் எழுதச் சொன்னாராம். முடிவை மட்டும் தன் இஷ்டத்துக்கு மாற்றி எழுதி, படுக்கும் முன் ஒரு முறை படித்துப் பார்க்கச் சொன்னாராம். இவள் அந்த அப்பா எழுந்து உட்கார்ந்து காபி கேட்பதாக எழுதினாள். கனவு ஒரு நூல்கூட அசையவில்லை.

"பொய்யா எழுதினேன் மேடம், அதான் ஒட்டல" என்றாளாம்.

"அப்ப பொய் வேண்டாம். உங்க பக்கத்து சீட்டுல இருக்கறவங்க போனை வெச்சிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"நல்லா திட்டியிருப்பேன். அப்புறம் தண்ணி குடுத்து, திரும்பக் கூப்பிடுடின்னு சொல்லியிருப்பேன்."

"உங்களுக்கு அந்தத் தண்ணியைக் குடுத்தீங்களா?"

நிதானம் தனக்குத் தண்ணீர் கொடுக்கவே இல்லை. திட்டு மட்டும்தான் நடந்திருந்தது, அதுவும் நாற்பது நாளாக.

"அந்தப் பதிவை நீங்க கேட்டீங்களா?" என்று ஆலோசகர் அடுத்ததாகக் கேட்டார். எங்களில் யாரும் தன் அழைப்பைத் தானே கேட்கக் கூடாது என்பது வழக்கம். மேலாளர் அதைக் கேட்டிருந்தார், முதல் பாதியோடு நிறுத்தியிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

அந்த வாரமே மேலாளர் நிதானத்தைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். ஆவண அறைக்கு மாற்றல். "எனது சொந்த விருப்பத்தின் பேரில்" என்று அழகாக அச்சடித்திருந்தது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

"என் சொந்த விருப்பத்தை நீங்க எப்படி சார் டைப் அடிச்சீங்க?" என்றாள் அவள்.

கதவுக்கு வெளியே நின்றிருந்த எனக்குக் கை தட்டத் தோன்றியது.

"உங்க நல்லதுக்குத்தாம்மா" என்றார் மேலாளர்.

"நல்லதோ கெட்டதோ, அந்தப் பதிவை நான் கேக்கணும். ஃபாரமும் குடுங்க. எல்லாருக்கும் மார்க் போடற மாதிரி எனக்கும் போடறேன். அறுபதுக்குக் கீழ வந்தா நானே கையெழுத்துப் போட்டுட்டுப் போறேன்."

கேட்டால் தாங்கமாட்டாள், உடைந்துபோய்த் தானே கையெழுத்துப் போடுவாள் என்று கணக்குப் போட்டாரோ என்னவோ, சரி என்றார். நானும் கூட இருப்பேன் என்று அடம்பிடித்து உள்ளே போய் உட்கார்ந்தேன்.

பதிவு ஓடியது. நிதானத்தின் குரல் எண்ணிக்கொண்டே போகிறது. எட்டாவது நிமிஷம் அந்தப் பெண் வீறிட்டாள்: "எண்ணாதீங்க! அப்பா போயிட்டாரு, எண்ணாதீங்க!" டக்கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான், நிதானம் போனை வைத்துவிட்டாள். மேலாளர் நிறுத்தக் கை நீட்டினார். நான் அவர் கையைப் பிடித்துவிட்டேன். மேலதிகாரியின் கையைப் பிடிக்கக் கூடாதுதான்.

ஏழு விநாடி ஒன்றுமில்லை. பிறகு அதே பதிவில், இங்கிருந்து திரும்பக் கூப்பிடுகிற மணி அடிக்கிறது. அந்தப் பெண் எடுக்கிறாள்.

"மன்னிச்சுக்கம்மா, நான்தான். வெச்சிருக்கக் கூடாது. இங்கதான் இருக்கேன். எண்ணல."

அதன் பிறகு ஆறு நிமிஷம் இரண்டு பேருடைய மூச்சு மட்டும் கேட்டது. கதவு தட்டும் சத்தம், ஆம்புலன்ஸ்காரரின் குரல். கடைசியில் அந்தப் பெண், "அக்கா, வெச்சிடட்டுமா?" என்று கேட்டாள்.

"வைம்மா."

அந்தப் பெண்தான் முதலில் வைத்தாள்.

இதில் ஒரு சொல்கூட நிதானத்துக்கு நினைவில்லை. கனவு அந்த டக்கென்ற சத்தத்தோடு கதையை முடித்துவிட்டிருந்தது. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவள் மட்டும் பேனா மூடியைக் கழற்றினாள்.

போனை வைத்ததற்குப் பத்துக்குப் பூஜ்யம். திரும்பக் கூப்பிட்ட பிறகு அமுக்கச் சொல்லாமல் விட்டதற்கு இரண்டு. விடாமல் எண்ணியிருந்தால் அவர் பிழைத்திருப்பாரா என்று யாருக்கும் தெரியாது, ஆனாலும் விதி விதிதான் என்றாள். முகவரி வாங்கியதற்கு ஒன்பது, குரலுக்கு எட்டு. கடைசிக் கேள்வி, "அழைத்தவரிடம் பரிவு காட்டினாரா?" பேனா அங்கே நின்றுவிட்டது.

"பத்து போடுடி" என்றேன்.

"வேற யாராவதா இருந்தா என்ன போட்டிருப்பேன்?"

"நீயா? ஒன்பது. சாகும்போதுகூட நீ பத்து போடமாட்ட."

ஒன்பது போட்டாள். கூட்டினாள். அறுபத்தாறு. மார்க் இட்டவர், மார்க் பெற்றவர் என்று இருந்த இரண்டு இடத்திலும் அவளே கையெழுத்துப் போட்டு, மாற்றல் தாளின் மேல் அதை வைத்தாள்.

"வேணும்னா நீங்களும் ஒரு தடவை முழுசாக் கேட்டு மார்க் போடுங்க சார். எனக்கு டியூட்டி இருக்கு."

மேலாளர் அந்தத் தாளைப் பற்றிப் பிறகு வாயே திறக்கவில்லை. அன்றைக்கே அவள் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டாள். விரல் நடுங்கத்தான் செய்தது. நடுங்கிக்கொண்டே, "எந்தத் தெரு, பக்கத்துல என்ன கடை?" என்று கேட்டாள்.

பத்து நாள் கழித்து பஸ்ஸில் மெதுவாகக் கேட்டேன், கனவு நின்றுவிட்டதா என்று.

"எங்க நிக்குது? நேத்துகூட வந்துச்சு. அந்தக் கை எப்பவும் போல ஹெட்செட்டைக் கழட்டி வெச்சிடுச்சு."

"நீ கத்தினியா?"

"இல்ல. சரி, வெச்சிட்ட, தண்ணி குடிச்சிட்டுத் திரும்ப எடுன்னேன்."

"அப்புறம்?"

"எடுத்துச்சு" என்றாள்.