லீவு இறங்கி வந்த கதை

பாண்டிசெல்வி தளவாய்புரத்துக்காரி. ராஜபாளையத்தில் நாங்கள் வேலை பார்க்கும் பேண்டேஜ் துணி மில்லில் சர்வரைக் கட்டி மேய்ப்பவள் அவள்தான். நான் கேட் காவல்காரன் மாரிசாமி. எட்டாவதோடு படிப்பு சரி. சர்வர் என்றால் என்ன கழுதை என்று ஒருநாள் கேட்டேன்.

"ஒரே கட்டடம், மூணு அடுக்குன்னு வச்சுக்கிடுங்க அண்ணாச்சி. அடியில ஷிப்ட் சேதி, எல்லாரும் பாக்கலாம். நடுவுல ஆர்டர், ஆபீஸ் மட்டும். உச்சியில துணி வாங்குதவிய ரகசியம், முதலாளி மட்டும். கீழ உள்ளது மேல போலாம். மேல உள்ளது கீழ இறங்கவே கூடாது."

"முதலாளியே சொன்னாலுமா?"

"ஆரு சொன்னாலும்தான்."

வாய் அதிகம் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் யாராவது நெசவுக்காரி போனில் ஷிப்ட் தெரியவில்லை என்றால், சாப்பாட்டுத் தூக்கை அப்படியே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து சரிசெய்து கொடுப்பாள்.

போன ஆடியில் வெளிநாட்டு ஆர்டருக்காக சாம்சன் என்பவர் சர்வரைச் சோதிக்க வந்தார். உச்சி அடுக்கிலிருந்து ஓர் எழுத்து கசிந்தாலும் ஆர்டர் இல்லை. பாண்டிசெல்விக்கு வேலையும் இல்லை.

அன்று பார்த்து முதலாளி சங்கரலிங்கம், மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் தேருக்கு லீவு என்று தன் உச்சி அடுக்கிலேயே அடித்து வைத்துவிட்டார். அவர் திரையில் லீவு. என் கேட் திரையில் வழக்கம்போல் ஷிப்ட்.

"வருசா வருசம் உள்ள லீவு எங்கவே? நீரு ஒளிச்சு வச்சிருக்கீரா?" என்று நெசவுக்காரி செல்லக்கனி என் சட்டைப் பையைத் தட்டிப் பார்த்தாள். பெண்கள் கெக்கலி கொட்டினார்கள். பொறுக்கமாட்டாமல் மாடியில் முதலாளி அறைக்கு ஏறினேன். பாண்டிசெல்வியும் சாம்சனும் அங்கேதான் இருந்தார்கள்.

"நான் அப்பவே போட்டுட்டனே!" என்றார் முதலாளி. "பாண்டிசெல்வி, அதைக் கொஞ்சம் கீழ தள்ளி விடும்மா."

"முடியாதுங்க."

சாம்சன் தலை நிமிர்ந்தார்.

"வெறும் லீவுதானம்மா! இதுல என்ன ரகசியம்?"

"லீவா ரகசியமான்னு மிஷினுக்குத் தெரியாது. லீவுக்குன்னு ஓட்டை போட்டா, நாளைக்கு அதே ஓட்டையில அம்புட்டும் இறங்கிரும்."

முதலாளி முகம் சிவந்துவிட்டது. "மில்லு ஆருது?"

"உங்களுதுதான். அதான் இம்புட்டுப் பூட்டு."

"அப்ப லீவை எப்படிச் சொல்ல?"

"கேட் கம்ப்யூட்டர் அடி அடுக்கு, அங்க வந்து உங்க கையால அடிங்க. நீங்க இறங்கலாம். அதுதான் இறங்கக் கூடாது."

முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியிறங்கினார். என் நாற்காலியில் உட்கார்ந்து ஒற்றை விரலால் எழுத்துத் தேடினார். "வலப்பக்கம் முதலாளி, இன்னும் கீழ!" என்று பெண்கள் வழி சொன்னார்கள். திரையில் லீவு விழுந்ததும் போட்ட குலவையில் தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

சாம்சன் சிரித்துக்கொண்டே சோதனைத் தாளில் கையெழுத்துப் போட்டார். "முதலாளியையே இப்படிக் கேக்கச் சொல்லித்தான் சோதிக்கணும்னு இருந்தேன். அவரே கேட்டுட்டார்!"

மறுநாள் தேர்வடத்தில் எனக்கு முன்னால் பாண்டிசெல்வி, அவளுக்கு முன்னால் முதலாளி. "இன்னும் வேகமா இழுங்க முதலாளி!" என்று கத்தினாள். மனுசன் இழுத்தார்.