காகிதப்பூச் செடியில் நான் ஒடித்த கிளை

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், புக்கிட் செலம்பாவில் நடந்தது இது. மலேசியாவின் கெடா மாநிலத்தில் அந்த மாதம் எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். மழை பெய்து பல வாரம் ஆகியிருக்கும். ரப்பர் மரங்கள் இலை கொட்டி, புது இலை விட்டு நிற்கும். சாலையோரத்து டெக்கோமா மரங்கள் ஓர் இலைகூட இல்லாமல் இளஞ்சிவப்பாகப் பூத்துக் கிடக்கும். ஜப்பானுக்குப் போக முடியாத எங்களுக்கு அதுதான் சக்குராப் பூ.

நான் சுங்கை பட்டாணியில் ஒரு கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். பிள்ளைகள் இருவரும் படிக்க வெளியூர் போனபிறகு வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. அப்போதுதான் பழைய கேமரா ஒன்றை வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பூ, பறவை, வயல்வெளி என்று படம் எடுக்கப் போகும் ஒரு சின்னக் குழுவில் சேர்ந்தேன். எல்லோரும் என்னைவிட நன்றாக எடுப்பார்கள். நான் வாட்சாப்பில் போடும் படங்களுக்கு ஒரு கட்டைவிரல் வரும், சில நாள் அதுவும் வராது. இந்த வயதில் அதற்கெல்லாம் மனம் சுருங்கக்கூடாது என்று சொல்லிக்கொள்வேன். ஆனாலும் சுருங்கும்.

அன்று பூ மரங்களை எடுத்து முடித்துவிட்டு மற்றவர்கள் ரொட்டி சானாய் சாப்பிடக் கிளம்பிவிட்டார்கள். நான் மட்டும் இன்னும் கொஞ்சம் சுற்றலாம் என்று ஒரு செம்மண் பாதையில் நடந்தேன். கொண்டுபோன தண்ணீர் தீர்ந்துவிட்டது. பாதை ஓரத்தில் ஒரு பலகை வீடு. முப்பத்தைந்து வயதிருக்கும் பெண் ஒருவர் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். தண்ணீர் கேட்டேன். குளிர்ந்த தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவர், என் கழுத்தில் தொங்கிய கேமராவைப் பார்த்தார்.

"குருவியெல்லாம் எடுப்பீங்களாக்கா? இங்க வாங்க, ஒன்னு காட்டுறேன். சத்தம் போடாம வாங்க."

வீட்டுக்குப் பின்னால் குளியலறை ஓரமாக ஒரு காகிதப்பூச் செடி படர்ந்திருந்தது. அதன் கிளைக்கவட்டில், தேநீர்க் கோப்பையில் பாதி அளவுக்கு ஒரு கூடு. வாலை விசிறி போல விரித்து விரித்து ஆட்டுமே, மலாய்க்காரர்கள் முராய் கீலா என்பார்களே, அந்தக் குருவியின் கூடு. உள்ளே இன்னும் கண் திறக்காத இரண்டு குஞ்சுகள்.

"இது வந்ததுலேருந்து நான் இந்தப் பக்கம் துணிகூட காயப்போடறதில்லக்கா. எங்க வீட்டுக்காரரு மோட்டார் சைக்கிள கேட்டுலேயே ஆஃப் பண்ணிட்டு தள்ளிக்கிட்டு வருவாரு. கொஞ்சம் தள்ளி நின்னு எடுத்துக்குங்க. நான் தே ஓ கலக்கிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

தள்ளி நின்றுதான் எடுத்தேன். ஆனால் கூட்டின் மேல் ஒரு கிளை தாழ்ந்து கவிந்திருந்தது. எங்கே நின்றாலும் இலைதான் தெரிந்தது. வெளிச்சமும் போதவில்லை. தாய்க் குருவி வந்து இரை கொடுத்தது, போனது. எனக்குக் கிடைத்தது வாலும் இலையும்தான்.

சமையல்கட்டில் கரண்டிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் கூட்டருகே போனேன். அந்தக் கிளையைப் பிடித்து வளைத்தேன். வளையவில்லை. ஒடித்தேன். முள் விரலில் ஏறியது. இன்னொரு சின்னக் கிளையும் மறைத்தது, அதையும் ஒடித்து செடிக்குப் பின்னால் போட்டேன். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

அதன்பிறகு எடுத்த படம்தான் என் வாழ்க்கையிலேயே நான் எடுத்த மிக நல்ல படம். விரிந்த வால், இரண்டு சின்னச் சிவப்பு வாய்கள், பின்னால் காகிதப்பூவின் நிறம். பால் கலக்காத அந்தத் தேநீரைக் குடித்துவிட்டு, படத்தை அனுப்புகிறேன் என்று அந்தப் பெண்ணின் எண்ணை வாங்கி, என் எண்ணையும் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். மாலைக்குள் குழுவில் ஒருவர் பாக்கியில்லாமல் பாராட்டியிருந்தார்கள். வானத்தில் பறந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்கு அந்தப் பெண்ணிடமிருந்து அழைப்பு வந்தது.

"அக்கா, வேலையில இருக்கீங்களா? கூட்டுக்கு மேல இருந்த கிளை ஒடஞ்சி போச்சுக்கா. வெயிலு நேரா குஞ்சு மேல அடிக்குது. தாயி றெக்கைய விரிச்சிக்கிட்டு, வாயத் தொறந்துக்கிட்டே நிக்குது. இரை தேடக்கூட போகல. நேத்து சாயந்தரம் எங்க வீட்டுக்காரரு அந்தப் பக்கமா ஏணிய தூக்கிக்கிட்டுப் போனாரு. அவருதான் இடிச்சிட்டாருன்னு, வேல முடிஞ்சி வந்ததுலேருந்து ஏசிக்கிட்டு இருக்கேன். இல்லவே இல்லங்குறாரு. நீங்க பறவையப் பத்தி தெரிஞ்சவங்க. என்னாக்கா செய்யறது?"

பறவையைப் பற்றித் தெரிந்தவளாம் நான். உண்மையைச் சொல்ல அப்போதே வாய் வந்திருக்க வேண்டும். வரவில்லை. "ஏதாவது நிழல் குடும்மா, நான் வரேன்" என்று மட்டும் சொன்னேன். அரைநாள் விடுப்பு கேட்டுக் காரை எடுத்தேன். வழியெல்லாம் மனத்துக்குள் வாதம். ஏணி என்று அவரே சொல்லிவிட்டார். நான் வாய் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. இப்படி நினைத்துக்கொண்டே வண்டி ஓட்டியதை மறைக்க விரும்பவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது கணவர் ஒரு முக்காலி மேல் நின்று, மூங்கில் கழியில் பழைய கறுப்புக் குடை ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார். விடிகாலையில் ரப்பர் பால் வெட்டப் போய்வந்தவர், வேலைச் சட்டையைக்கூட மாற்றவில்லை. முகமெல்லாம் வியர்வை. கீழே நின்ற மனைவி இன்னும் கோபமாகத்தான் இருந்தார். "பாத்து கட்டுங்க. இதையாச்சும் இடிக்காம கட்டுங்க" என்றார். அவர் முடிச்சை இன்னும் இறுக்கிக் கட்டினார்.

அதைப் பார்த்தபிறகு என்னால் மறைக்க முடியவில்லை.

"தம்பி ஒடைக்கலம்மா. நான்தான் ஒடச்சேன். நீ தே ஓ கலக்கப் போனப்போ. படம் நல்லா வரணும்னு."

"பாத்தியா, நான் சொன்னேன்ல" என்று ஆரம்பித்த கணவர், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். அந்தப் பெண் என்னைப் பார்த்தார். பிறகு கூட்டைப் பார்த்தார். திரும்பி வீட்டுக்குள் போய்விட்டார். இனி வரமாட்டார், நான் போக வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

ஒரு நைலான் கயிற்றோடு திரும்பி வந்தார். ஒரு முனையை என் கையில் கொடுத்தார்.

"இழுத்துப் புடிங்கக்கா. காத்துல குடை சாயாம இருக்கணும்."

பிடித்தேன். வெயில் வரும் பக்கமாகக் கழியை ஊன்றி, கூட்டைத் தொடாதபடி நிழல் விழச் செய்தோம். தாய்க் குருவி குடைக்குப் பயந்து பறந்துவிட்டது. மூன்று பேரும் சமையல்கட்டு ஜன்னலுக்குப் பின்னால் நின்றோம். அது வேலிக்கு வரும், குடையைப் பார்க்கும், போய்விடும். மறுபடி வரும், போய்விடும். கூட்டில் ஒரு குஞ்சின் தலை விளிம்பில் சாய்ந்து கிடந்தது. முக்கால் மணி நேரம் அப்படியே போனது. நான் வேண்டாத சாமி இல்லை. கடைசியில் அது வாயில் ஒரு பூச்சியோடு வந்து, குடைக்குக் கீழே சட்டென்று புகுந்து, கூட்டில் உட்கார்ந்தது.

"வந்துருச்சுலா!" என்று கணவர்தான் முதலில் மூச்சு விட்டார்.

சாய்ந்து கிடந்த குஞ்சு அன்றே இறந்துபோனது. மற்றது பிழைத்தது. ஒன்பதாம் நாள் அந்தப் பெண் கைப்பேசியில் எடுத்த ஒரு படத்தை அனுப்பினார். கை ஆடியதில் மங்கிப்போன படம். வேலிக் கம்பியில் குட்டை வாலோடு ஒரு சின்னக் குருவி. "பறந்துருச்சிக்கா" என்று எழுதியிருந்தார்.

என் படத்தைக் குழுவிலிருந்து அழித்துவிட்டு, ஏன் அழித்தேன் என்பதையும் எழுதினேன். இரண்டு கிளைக்கு இத்தனை கதையா என்று ஒருவர் கேட்டார். குழுவிலேயே திறமையான இன்னொருவர் தனியாக ஒரு வரி அனுப்பினார்: "நானும் இப்படிச் செய்திருக்கிறேன். யாரிடமும் சொன்னதில்லை."

அந்த வீட்டுக்கு இப்போதும் போகிறேன். அந்தப் பெண் அதைப் பற்றி ஒருமுறைகூடப் பேசியதில்லை. அன்று அவர் என்னை நாலு வார்த்தை ஏசியிருந்தால், ஏச்சு வாங்கியாயிற்று, கணக்கு முடிந்தது என்று நானும் மறந்துபோயிருப்பேன். அவரோ தவறு செய்த என்னைத் துரத்திவிடாமல், அதைச் சரிசெய்கிற இடத்தில் தன் பக்கத்திலேயே நிற்க வைத்தார். அந்தப் பெருந்தன்மைக்குத் தகுதியாக இருக்க வேண்டுமே என்றுதான் ஒவ்வொரு முறை கேமராவைக் கையில் எடுக்கும்போதும் நினைத்துக்கொள்கிறேன்.