ஆமைக்கு ஒரு ஞானத்தகப்பன்

எங்கள் வீட்டு ஹோலில், மாதா சொரூபத்துக்குப் பக்கத்தில், ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி இருக்கிறது. அதற்குள் ஓர் ஆமை. சும்மா ஆமை இல்லை, ஓடு தோல் மாதிரி மெத்தென்று இருக்கும் வகை. கருகிப்போன தோசை ஒன்றை மணலுக்குள் புதைத்துவிட்டது போலக் கிடக்கும். மூக்கை மட்டும் குழாய் போல வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பார்க்கச் சாது. கையை விட்டால்தான் குணம் தெரியும்.

வாங்கியவள் மகள். பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் நாய் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். ஹொல்ஸ்டெப்ரோ என்ற இந்த டெனிஷ் ஊரின் மழையிலும் காற்றிலும் நாயைக் கூட்டிக்கொண்டு யார் நடப்பது? ஆமை என்றால் ஒரு மூலையில் கிடக்கும் என்று சம்மதித்தேன். கடைக்காரர் “முப்பது வருஷம் இருக்கும்” என்று டெனிஷில் எச்சரித்தது, குளிர்சாதனப் பெட்டிக்குத் தரும் உத்தரவாதம் போல என் காதில் விழுந்தது. நல்ல சாமான்தான் என்று நினைத்துக்கொண்டேன். மகள் இப்போது தலைநகருக்குப் பக்கத்தில், டோஸ்ட்ருப்பில் வேலை செய்கிறாள். அவள் இருக்கும் தொடர்மாடியில் வளர்ப்புப் பிராணிகளுக்கு இடமில்லை. ஆமை என் தலையில் விழுந்தது.

சனிக்கிழமைகளில் தண்ணீர் மாற்றுவது, பில்டர் கழுவுவது, இறால் வாங்குவது எல்லாம் நான்தான். மனைவி அதைச் சனியன் என்றுதான் சொல்லுவாள். இறால் பையோடு வாசலில் நின்றால், “எங்களுக்கோ, சனியனுக்கோ?” என்று கேட்பாள். தவக்காலத்தில் நாங்கள் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் தொடுவதில்லை. அந்த நாட்களில் இந்த வீட்டில் இறால் தின்னும் ஒரே சீவன் அதுதான். அதைப் பார்த்து எச்சில் ஊறியதைப் பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியாரிடம் சொல்ல வேண்டுமா என்றுகூட யோசித்திருக்கிறேன்.

போன வருடம் எனக்கு நெஞ்சில் சின்னதாக ஓர் அடைப்பு. சரிப்படுத்திவிட்டார்கள், பயப்பட ஒன்றுமில்லை என்றார் டொக்டர். நானும் பயப்படவில்லை. வீட்டுக்கு வந்து தொட்டிக்கு முன்னால் இருந்தபோதுதான் மண்டையில் உறைத்தது. எனக்கு அறுபது தாண்டிவிட்டது, இதற்கு இன்னும் இளமை. இது என்னைவிட நெடுநாள் இருக்கும். எனக்குப் பிறகு இதை யார் பார்ப்பது? நெஞ்சடைப்பு தராத கலக்கத்தை இந்தக் கேள்வி தந்தது.

மகளிடம் தொலைபேசியில் கேட்டேன். சங்கடமான விஷயம் என்றால் அவள் டெனிஷுக்கு மாறிவிடுவாள். உடனே மாறினாள்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு ஞானத்தாய், ஞானத்தகப்பன் என்று ஆள் வைப்பது எதற்கு? பெற்றவர்களுக்கு ஏதும் நடந்தால் பார்க்க ஓர் ஆள் வேண்டும் என்றுதானே. ஆமைக்கும் ஒருவரை வைத்தால் என்ன? தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து, பக்கத்து மண்டபத்தில் எல்லோரும் தேத்தண்ணியும் ரோல்சுமாக நின்ற நேரம் ஆள் பிடிக்கப் புறப்பட்டேன்.

ஒருவர் கனடாவுக்குப் போகும் யோசனை இருக்கிறது என்றார். இன்னொருவர் வீட்டில் புதுக் கார்ப்பெட் போட்டிருக்கிறார்களாம். ஒரு மன்னார்க்காரர் மட்டும் உடனே தலையாட்டினார்.

“தாங்கோ அண்ணை, நான் பாக்கிறன்.”

மனம் குளிர்ந்து, என்ன தின்னும், எப்போது தின்னும் என்று விளக்கத் தொடங்கினேன்.

“அதெல்லாம் தேவையில்லை அண்ணை. மிளகு கொஞ்சம் தூக்கலாப் போட்டுப் பிரட்டினாச் சரி,” என்றார்.

மண்டபமே சிரித்தது. சுவாமியாரிடம் போய் முறையிட்டேன். “ஞானத்தகப்பன் வைக்கிறதெண்டால் முதல்ல ஞானஸ்நானம் குடுக்கோணும். அது எப்பவும் தண்ணிக்குள்ளதானே கிடக்குது, நான் புதுசா என்னத்தைச் செய்யிறது?” என்றார் அவர். அவரும் கைவிட்டுவிட்டார்.

எனக்குச் சரியான கோபம். இவ்வளவு சனத்துக்குள் ஒரு வாயில்லாச் சீவனுக்கு இரங்க ஒருவரும் இல்லையே என்று வழி முழுக்கப் புறுபுறுத்தபடி கார் ஓட்டினேன். மனைவி பக்கத்தில் இருந்தாள். வீட்டுக்குள் வந்து நான் கோட்டைக் கழற்றும்போதுதான் கேட்டாள்.

“இஞ்சாருங்கோ, ஊரெல்லாம் கேட்டியள். என்னை ஏன் கேக்கேல்லை?”

“நீர்தானே அதைச் சனியன் எண்டுறனீர்.”

“உங்களையும் எத்தினை தரம் சொல்லியிருக்கிறன். விட்டிட்டுப் போயிட்டனே?”

நான் சொன்னது உண்மையான காரணமும் இல்லை. அவள் என்னைவிடப் பத்து வயது இளையவள். அவளிடம் கேட்பதென்றால், எனக்குப் பிறகு என்று ஒரு பேச்சை எடுக்க வேண்டும். நான் இல்லாத இந்த ஹோலில் அவள் தனியே இருப்பதை நினைத்துப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. அதனால்தான் ஊர் முழுக்கச் சுற்றினேன். கையில் கோட்டைப் பிடித்தபடி அதை அப்படியே அவளிடம் சொன்னேன்.

அவள் தொட்டிக்குக் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தாள்.

“நீங்கள் இல்லாட்டி, ஏசுறதுக்கு எனக்கு வீட்டில ஒரு சீவன் வேணுமே,” என்றாள். “வாங்கோ, உந்தப் பில்டரை எப்பிடிக் கழட்டுறதெண்டு காட்டுங்கோ.”